குறைந்த பணத்தில் ரோடு பைக்: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஒன்பது வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். மோட்டார் வண்டி இல்லை, வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிள். வார நாளில் தேவிபட்டினம் வரை, ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலம் வரை, மாதம் ஒருமுறை தனுஷ்கோடிக்கு அப்பால் ரோடு முடியும் அரிச்சல்முனை வரை. வழியில் டீக்கடையில் நிறுத்தினால் யாராவது வந்து டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன விலை? நானும் ஒன்னு வாங்கணும்" என்பார்கள். பெரும்பாலானவர்கள் கையில் இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை இருக்கும். மாதாமாதம் ஒதுக்கிச் சேர்த்த பணம். அது தப்பான சைக்கிளில் போய் முடங்கக் கூடாது என்பதற்காக, அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பெரிய ஊர்களில் இருப்பவர்கள் சொல்லும் யோசனை நமக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே மலை கிடையாது. காற்றும் கருவை முள்ளும் உப்பும் இருக்கின்றன. இந்த மூன்றையும் நினைத்துக்கொண்டு கடைக்குள் போனால் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும்.

எனக்கு ரோடு பைக்தான் வேண்டுமா? சாதாரண சைக்கிள் போதாதா?

மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வரவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் என்றால் ரோடு பைக் வேண்டாம். கேரியர் இருக்காது, ஸ்டாண்டு இருக்காது, பின்னால் ஆள் உட்கார முடியாது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நின்றால், அதை ஓவராயில் செய்து புது டயர் போட்டு ஓட்டுங்கள்.

ஒரே மூச்சில் இருபது, முப்பது கிலோமீட்டர் போய் வர ஆசை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்ட ஆசை, குறித்த நேரத்துக்குள் முடிக்கும் 200 கி.மீ. பிரெவே மாதிரி நீண்ட சவாரிக்கு ஒருநாள் போக ஆசை என்றால் ரோடு பைக் சரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் நேரான ஹேண்டிலும் ரோடு பைக் அளவான 700 சி சக்கரமும் உள்ள ஹைபிரிட் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்து, தடித்த டயர் போட்டு பதினைந்தாயிரத்துக்கு விற்கிற சைக்கிள். அந்த விலையில் வரும் சஸ்பென்ஷன் வெறும் எடைதான். உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் அதன் தண்டு துருப்பிடித்து இறுகிவிடும்.

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. முழுவதையும் சைக்கிளுக்கே போடலாமா?

கூடாது. நாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அளவுமானி உள்ள தரை பம்ப், இரண்டு டியூப், டயர் கழற்றும் லிவர், தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, பூட்டு, செயின் எண்ணெய் எல்லாம் அதில் வர வேண்டும். பணம் முழுவதையும் சைக்கிளில் போட்டுவிட்டுப் பம்ப் இல்லாமல் நிற்பவரை நிறையப் பார்த்திருக்கிறேன். ரோடு பைக் டியூபில் காற்று சீக்கிரம் இறங்கும், வாரம் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். அதோடு பல ரோடு பைக்கில் வால்வு மெலிந்த மூக்கு உள்ள பிரெஸ்டா வகையாக இருக்கும். சாலையோரக் கடைப் பம்ப் அதில் நேராகப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி, சீட்டுக்கு அடியில் பையில் போட்டு வையுங்கள். சில பத்து ரூபாய்ப் பொருள்தான், இல்லாவிட்டால் நடந்துதான் வீடு வர வேண்டும்.

தலைக்கவசத்தில் இ.என். 1078 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது சைக்கிள் தலைக்கவசத்துக்கான ஐரோப்பியத் தரக் குறியீடு.

விலை பேசும்போது ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிளைக் காட்டினால் இந்தக் குறைப்பு கணக்கில் வந்திருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பிராண்டா, கியரா?

சைஸ். இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

என் முதல் ரோடு பைக் எனக்கு இரண்டு சைஸ் பெரியது. கடையில் அந்த ஒன்றுதான் மிச்சம், நாலாயிரம் தள்ளுபடி, "சீட்டை இறக்கிக்கிட்டா சரியாயிடும் சார்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். உச்சிப்புளி தாண்டுவதற்குள் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போகும், கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்புதான் பழகவில்லை என்று நினைத்து எட்டு மாதம் ஓட்டினேன். பிறகு வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுத்தேன். சீட்டை இறக்கினால் உயரம்தான் குறையும், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே உள்ள நீளம் குறையாது. கையை எட்டி எட்டிப் பிடித்தே கழுத்து போனது.

வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டை மேலே நன்றாக அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து நோட்டின் மேல் விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர்? அதை 0.67 ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு தோராயமாக வரும். 0.883 ஆல் பெருக்கினால் பெடல்களைத் தாங்கும் கிராங்க் கைகள் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வைக்க வேண்டிய உயரம் வரும். உள்கால் 78 செ.மீ. என்றால் ஃபிரேம் 52 பக்கம், சீட் உயரம் 69 செ.மீ. பக்கம். இது தொடக்கக் கணக்குதான். கடைசித் தீர்ப்பு ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. ஹேண்டில் மேலே பிரேக் லிவர் மூடியில் கை வைக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீட்டினால் பெரிது.

இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் சின்னதை எடுங்கள். சின்னதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், பெரியதைக் குறுக்குவது கஷ்டம்.

என் உயரம் 5 அடிதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, காலை டியூட்டிக்கு முன் ஓட்ட ஆசை. எனக்குச் சைஸ் கிடைக்குமா அண்ணா?

கிடைக்கும்மா, தேட வேண்டும். 44 முதல் 48 வரை உள்ள ஃபிரேம் அல்லது எக்ஸ்.எஸ். என்று போட்டது பாருங்கள். கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிக் காத்திருங்கள், "எம் சைஸே போதும்" என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். ஹேண்டிலின் கீழ் வளைவில் கை வைத்து, இரண்டு விரலால் பிரேக்கை முழுசாக இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். பல லிவரில் சின்னத் திருகு இருக்கும், அதைத் திருகினால் லிவர் கைக்கு அருகில் வரும். சின்ன ஃபிரேமில் ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன் டயர் கால் விரலில் உரசலாம். ஓடும்போது அவ்வளவு ஒடிக்க மாட்டோம், மெதுவாகத் திரும்பும் இடத்தில் மட்டும் நினைவு வையுங்கள்.

21 கியர் சைக்கிளும் 14 கியர் சைக்கிளும் ஒரே விலை. 21 தானே நல்லது?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. நம் தரையில் முன்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரம் வருடம் முழுக்கச் சும்மாவே கிடக்கும்.

கியர் சாமான் செய்யும் ஷிமானோ கம்பெனியில் ரோடு பைக்குக்கான வரிசை கீழிருந்து மேலாக இப்படிப் போகும்: டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105. பின்னால் வழக்கமாக டூர்னியில் 7, கிளாரிஸில் 8, சோராவில் 9 பல்சக்கரங்கள். கிளாரிஸ் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் டூர்னியும் நம் ஊருக்குப் போதும். ஆனால் டூர்னி சைக்கிளில் பல நேரம் பின்பக்கப் பல்சக்கரக் கட்டு, சக்கரத்தில் திருகி ஏற்றும் ஃபிரீவீலாகத்தான் வரும். அதில் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் வலது முனைக்குத் தாங்கல் குறைவு. உங்கள் எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் அச்சு வளையவோ உடையவோ வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள், பல்சக்கரக் கட்டைத் திருகாமல் செருகிப் பூட்டும் கேசட் வகை ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) கேட்டு வாங்குங்கள்.

பெரிய கியர் பற்றி ஒரு கணக்கு. முன்னால் 50 பல், பின்னால் 11 பல், 28 மி.மீ. டயர். பெடலை ஒருமுறை சுற்றினால் சைக்கிள் 9.7 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 52 கிலோமீட்டர். இறக்கமே இல்லாத நம் ஊரில் அந்த வேகத்தை யார் மிதிக்கப் போகிறோம்? நமக்கு உதவுவது நடுவில் நெருக்கமாக இருக்கும் கியர்கள்தான். காற்று கொஞ்சம் ஏறினால் ஒரு கியர் இறக்கி, அடங்கினால் ஒரு கியர் ஏற்றி ஓட்ட அவைதான் வேண்டும்.

மேடே இல்லாத ஊரில் எதற்குக் கியர்?

காற்றுக்காக. பாம்பன் சாலைப் பாலத்தின் நடு முதுகைத் தவிர நமக்கு ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பினால் தட்டையான ரோடே மலையாகிவிடும். நீங்கள் 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே காற்று 20 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால் உடம்பில் மோதும் காற்று 45. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதனால் தடை மூன்று மடங்குக்கும் மேல். வளைந்த ஹேண்டிலுக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் திரும்பக் கிடைக்கிறது. கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் காற்றில் மோதும் உடம்பு சுருங்கும். ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வாடைக்காற்று வரும், அப்போது தொண்டி, தேவிபட்டினம் பக்கம் போகும்போது இதே கதை.

காற்றுக்காகச் சொல்கிறார்கள் என்று உயரமான ரிம் வைத்த சக்கரம் வாங்காதீர்கள். பாம்பன் பாலம் கடலுக்கு மேல் 2 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். பக்கக் காற்று அந்த ரிம்மைப் பாய்மரம் மாதிரித் தள்ளும். பக்கத்தில் சுற்றுலா பஸ் கடந்ததும் சட்டென்று காற்று விழுந்து திரும்ப அடிக்கும். தாழ்ந்த ரிம்தான் நமக்கு நல்லது.

பஞ்சர் தாங்க முடியவில்லை. என்ன டயர் போடுவது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் வாழ்க்கை கருவை முள்ளோடுதான். கருவை வெட்டிய விறகை டிராக்டரில் ஏற்றிப் போனால் ரோட்டோரம் முழுக்க முள் சிந்திக் கிடக்கும். ரோடு பைக் ஓரமாகத்தான் போகும், முள்ளும் ஓரத்தில்தான் ஒதுங்கும்.

ஒருமுறை உச்சிப்புளிக்கு முன்னால் மாலை வெளிச்சத்தில் பின் டயர் இறங்கியது. டியூப் மாற்றினேன். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கியது. ஒட்டுப் போட்டேன், மறுபடி போனது. தள்ளிக்கொண்டே ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெரியவர் டியூபைத் தொடவே இல்லை. டயரை உருவி, கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் சுற்றிலும் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டி நின்றது. அங்கே டயரை வெளிப்பக்கமாக மடக்கினார். ரப்பருக்குள் ஒரு கருப்புப் புள்ளி, கடுகில் பாதி. நகவெட்டியின் முனையால் அதைக் கிள்ளி இழுத்தார். அரை சென்டிமீட்டர் முள் வந்தது. வெளியே தெரிந்த பகுதி எப்போதோ ஒடிந்துவிட்டது, நுனி மட்டும் உள்ளே இருந்து ஒவ்வொரு புது டியூபையும் குத்தியிருக்கிறது. "முள்ளை எடுக்காம டியூப மாத்துனா, முள்ளுக்கு டியூப் வாங்கிக் குடுக்குற மாதிரி தம்பி" என்றார். அன்றிலிருந்து என் பையில் ஒரு துண்டுப் பஞ்சும் நகவெட்டியும் இருக்கின்றன.

டயர் அகலம் 28 மி.மீ. ஆவது இருக்கட்டும், ஃபிரேமில் இடமிருந்தால் 32. வாங்குமுன் "இதில் அதிகபட்சம் எத்தனை அகல டயர் போகும்?" என்று கேளுங்கள். 25க்கு மேல் இடமில்லை என்றால் எனக்கு அந்த சைக்கிள் வேண்டாம். அகல டயரில் காற்றைக் குறைத்து வைக்கலாம். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 75 பி.எஸ்.ஐ., 32 என்றால் 60 போதும். கல் மாதிரி 110 அடித்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை தப்பு. கரடான ரோட்டில் உடம்புதான் குலுங்கும்.

சைக்கிளோடு வரும் டயர் மெலிதாக இருக்கும். அது தேய்ந்ததும் உள்ளே முள் தடுக்கும் பட்டை வைத்த டயராக மாற்றுங்கள். எடை கொஞ்சம் கூடும், கவலை வேண்டாம். அதுவரை டயருக்கும் டியூபுக்கும் நடுவில் லைனர் பட்டை போட்டுக்கொள்ளலாம். நீண்ட முள்ளை அது முழுசாகத் தடுக்காது, சின்ன முள்ளைத் தடுக்கும்.

உப்புக் காற்றுக்கு எந்த ஃபிரேம் தாங்கும்?

இந்தப் பணத்தில் அலாய் ஃபிரேம்தான் சரி. அலுமினியம் இரும்பு மாதிரித் துருப்பிடித்து அரிக்காது. நல்ல ஸ்டீல் ஃபிரேமும் பல வருடம் ஓடும், ஆனால் பெயின்ட் பெயர்ந்த இடத்தை உடனே மூட வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவர்கள் வாங்கலாம். கார்பன் ஃபிரேம் இந்த விலையில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஃபிரேமை விடச் சின்னச் சாமான்கள்தான் முதலில் போகும்: போல்ட், செயின், பிரேக் கம்பி, ஸ்போக்ஸ் கம்பி. ஸ்போக்ஸ் ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேளுங்கள். துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பி என்றால் கொஞ்ச நாளில் மங்கி வெள்ளைப் பொடி பூக்கும், அதற்குப் பிறகு துரு. ஒன்றொன்றாக அறுந்து சக்கரம் கோட்டமாகும்.

சைக்கிள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஒரு வேலை செய்யுங்கள். சீட் தண்டை உருவி அதில் கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள். ஹேண்டில் போல்ட், பாட்டில் கூடு போல்ட், பெடல் மரை எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு கிரீஸ். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். அப்புறம் சீட்டை ஒரு அங்குலம் ஏற்ற வேண்டும் என்றால்கூட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கார்பன் தண்டாக இருந்தால் மட்டும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அதற்குத் தனிப் பசை உண்டு.

தனுஷ்கோடி போய் வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாளியும் துணியும் போதும். பம்ப்செட் வேகத்தில் பீய்ச்சினால் பால்ஸுக்குள் தண்ணீரும் மணலும் போகும். வெயிலில் காயவைத்து, செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது மணலைப் பிடித்துப் பிசினாகிவிடும், வேண்டாம்.

டிஸ்க் பிரேக் வேண்டுமா?

நம் ஊருக்கு அவசியமில்லை. நல்ல ரிம் பிரேக் போதும், பிரேக் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். மணல் ரோட்டில் போய் வந்தால் கட்டையில் பதிந்த மணலைக் குண்டூசியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை உரசித் தின்னும். கம்பியால் இழுக்கும் டிஸ்க் வந்தாலும் பரவாயில்லை, அகல டயருக்கு இடம் கிடைக்கும். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் என்றால், காற்றுக் குமிழை வெளியேற்றிச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கீழக்கரையிலிருந்து கேட்கிறேன். எங்கள் காக்கா (அண்ணன்) துபாயில் இருக்கிறார்கள். அங்கிருந்து சைக்கிள் கொண்டுவரச் சொல்லலாமா?

முழு சைக்கிள் வேண்டாம் தம்பி. ஓட்டிப் பார்க்காமல் சைஸ் முடிவு செய்ய வேண்டியிருக்கும், விமானத்தில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வரலாம், சுங்கம் வரலாம், ஃபிரேமில் குறை வந்தால் வாரண்டிக்கு யாரிடம் போவது? காக்காவிடம் முள் தடுக்கும் டயர் இரண்டு, நல்ல விளக்கு ஒன்று கேளுங்கள். மடக்கும் வகை டயர் பெட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

பழைய ரோடு பைக் வாங்கலாமா?

வாங்கலாம். நல்ல மாடல் பாதி விலைக்கு வரும். பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. சீட் தண்டை உங்கள் கண் முன்னால் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கடலோரத்துப் பழைய சைக்கிளில் இதுதான் பெரிய வியாதி. ஹேண்டில் தண்டு நுழையும் குழாய்க்குக் கீழே, கிராங்க் அச்சைச் சுற்றி, பெயின்ட்டில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் பிரேக் பிடிக்கும் பக்கத்தை விரலால் தடவுங்கள், குழிந்திருந்தால் ரிம் முடிந்தது.

செயினுக்குப் பள்ளிக்கூட அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி உள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 16இல் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 8இல் ஒரு பங்கு என்றால் பின்பற்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பழைய கார்பன் வேண்டாம். உள்ளே விழுந்த அடி வெளியே தெரியாது.

ஆன்லைனில் விலை குறைவு. வாங்கலாமா?

சைஸ் உறுதியாகத் தெரிந்தவர்கள் வாங்கலாம். பெட்டியில் வருவது முழுதாகப் பூட்டிய சைக்கிள் இல்லை. ஹேண்டில், முன்சக்கரம், பெடல், சீட் பூட்ட வேண்டும். இடது பெடல் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், தெரியாமல் வலுவாகத் திருகினால் கிராங்க் பாழாகிவிடும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பிப் பூட்டி ஓட்டியவரை நானே வழியில் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். உள்ளூர் மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துப் பூட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்போக்ஸ் புதுசில் கொஞ்சம் தளரும், 200, 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை கோட்டம் எடுக்க வேண்டும்.

ஊர்க் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும், முதல் சர்வீஸும் கோட்டமும் அதில் அடங்கும் என்றால் நான் ஊர்க் கடையைத்தான் சொல்வேன்.

பெடலில் ஷூவை மாட்டும் கிளிப் வேண்டுமா?

இப்போது வேண்டாம். முதல் வருடம் சாதாரணப் பெடல்.

புது சைக்கிள் வந்ததும் முதலில் எங்கே போகலாம்? நேராக அரிச்சல்முனையா?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரமே ஏறத்தாழ 55 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இன்னும் 20க்கு மேல். ஆசை புரிகிறது. இரண்டு பக்கமும் கடல் தெரிய அந்த ரோட்டில் போகும் சுகம் வேறெங்கும் கிடையாது. ஆனால் கச்சான் அடிக்கும் மாதங்களில் கிழக்கே போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், கால் வலியே தெரியாது. திரும்பும்போது வெயிலும் ஏறி, காற்றும் முகத்தில் அடித்து, மண்டபம் வருவதற்குள் மூச்சு வாங்கும். ரோட்டில் மணல் படிந்த இடங்களில் மெல்லிய டயர் வழுக்கவும் செய்யும்.

ஆடியில் வாங்கினால் முதல் சவாரியை மேற்கே சத்திரக்குடி பக்கம் வையுங்கள். விடிவதற்கு முன்னால் இரண்டு பாட்டில் தண்ணீரோடு கிளம்புங்கள், ஒன்றில் எலுமிச்சையும் உப்பும் போட்டது. காற்றை எதிர்த்துப் போகிறபோது உடம்பு புதுசாக இருக்கும், திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். போகும்போதே சீட் உயரம் சரியா, கை மரக்கிறதா என்று கவனியுங்கள். ஆறு எம்.எம். வரை உள்ள ஆலன் சாவிக் கொத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அரை சென்டிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். சீட் சரியாக நின்றதும் அந்த இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்தமுறை கிரீஸ் போட உருவும்போது அளவு மாறாது.